நரி பதில் சொல்லக் கூடாது

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் தம்பி, மேலே ஏசிக் குழாய் ஒழுகுகிறது. இப்படி நடுவில் வாருங்கள். உங்களுக்கு யார் உள்ளே? மாமியாரா? இடுப்பா? ஆமாம், இந்த மாடியில் எல்லாம் இடுப்பும் தொடையும்தான். கை ஒடிந்தவர்களைக் கீழ்மாடியிலேயே கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நாலு மணிக்குக் கதவைத் திறப்பார்கள். நாலு என்றால் நாலு பத்து. அந்தக் காவலாளி கடிகாரத்தைப் பார்த்துத் திறப்பதில்லை, டீ குடித்து முடித்துவிட்டுத் திறப்பார்.

நான் பன்னிரண்டு நாளாக இந்தப் பெஞ்சுக்கு வருகிறேன். அதனால் தெரியும்.

இல்லை, உள்ளே இன்னும் போகவில்லை. போவதற்கு ஒரு முறை இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. இந்தக் கோப்பில் பதினேழு பக்கம் இருக்கிறது பாருங்கள், எல்லாம் நான் டைப் அடித்தது. அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம். அதன் கீழே சவரியப்பன் கையெழுத்துப் போட்டால் என் பேரில் இருக்கிற பழி போய்விடும். அறை எண் முந்நூற்று ஏழு. ஜன்னல் பக்கத்துக் கட்டில். தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள்.

விபத்தா என்றால், ஆமாம், விபத்துதான். யாரும் தள்ளிவிடவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஹாம் ரேடியோ கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வாக்கி டாக்கி இல்லை. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், என் மருமகன் உள்பட. இது பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி, ஊர் ஊராக, சமயத்தில் நாடு நாடாகப் பேசுவது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி கொடுப்பார்கள். எழுத்தும் எண்ணுமாக. உலகத்தில் அந்தக் குறி இன்னொருத்தருக்குக் கிடையாது. பேர் அப்படி இல்லை பாருங்கள். குழந்தைவேலு என்று திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். காற்றில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யார் யாரைக் கூப்பிட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்? அதனால் குறி. முதலில் எதிராளியின் குறி, பிறகு நம் குறி, பிறகு விஷயம். இந்த ஒழுங்கு போனால் பிறகு அது ரேடியோ இல்லை, சந்தைக்கடை.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காதவர்களே இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடைபாதையில் லட்சம் பேர் போகிற அன்றைக்கு உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள், மணியே அடிக்காது. எங்கள் கிளப் ஆட்கள் நாலு இடத்தில் நிற்போம். மயங்கி விழுந்தவர், கூட்டத்தில் பிரிந்த பிள்ளை, செருப்புக் கடித்துச் சீழ் வைத்த கால், எல்லாத் தகவலும் எங்கள் வழியாகத்தான் போகும். முறைப்படி போகும். எந்தத் தகவலும் தவறினதில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

டெலிபோன் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். எழுதி வைக்காத எதையும் நம்புகிறவன் இல்லை.

சவரியப்பன் அப்படி இல்லை. அவர் நாகல்நகரில் மைக் செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் சப்பரம், மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கத்தும். அறுபத்தோரு வயதில் தென்னைமரம் ஏறிக் குழாய் கட்டுவார். கட்டுவார் என்ன, கட்டினார். இனிமேல் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஏறுகிற வயதும் இல்லை, அது வேறு.

அவரை நான்தான் பரீட்சை எழுத வைத்தேன். இரண்டு தடவை தவறினார். மூன்றாவது தடவைக்கு என் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து நாற்பது நாள் சொல்லிக்கொடுத்தேன். தேர்வானதும் எனக்கு என்ன வாங்கி வந்தார் தெரியுமா? குழந்தைகளுக்குப் போடுகிற ஜரிகைக் குல்லா. கிளப் மொத்தமும் பார்க்க என் தலையில் வைத்தார். குழந்தைவேலு என்கிற பேரைக் ‘கொழந்த’ ஆக்கியது அன்றைக்குத்தான். டீக்கடையில் கொழந்த, பஸ் ஸ்டாண்டில் கொழந்த, என் மகள் கல்யாணத்தில் மைக்கிலேயே கொழந்த. ஆனால் காற்றில் ஒரு நாளும் சொன்னதில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றில் குறி, சார், பேசி முடித்தால் ஓவர். இருபத்தாறு வருஷம். அந்த ஓர் ஒழுங்கை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

தினம் காலை ஏழு மணிக்கு நெட் நடக்கும். நெட் என்றால் வருகைப் பதிவு போல. நான் ஒவ்வொரு குறியாகக் கூப்பிடுவேன், இருக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். பதில் வருவது சவரியப்பன் ஒருத்தரிடமிருந்து. வருஷத்தில் ஏழெட்டு நாள் வேறு யாராவது வருவார்கள், ஆன்டெனா புதிதாகக் கட்டியிருந்தால். மற்ற நாளெல்லாம் நாங்கள் இரண்டு பேர். நான் முப்பத்தொரு குறியையும் கூப்பிட்டு முடிக்கும்வரை அவர் பொறுமையாக இருப்பார். பிறகு என்ன பேசுவோம்? மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, மழை உண்டா, அவர் வீட்டில் என்ன சட்னி. அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசியில், சிறுமலைக்குப் போவோம். வேன் பிடித்து, எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு. அங்கே நரி வேட்டை என்று ஒரு போட்டி. பயப்படாதீர்கள், நிஜ நரி இல்லை. ஒருத்தர் சின்ன ரேடியோவோடு காட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். அவர்தான் நரி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷ நேரம், அந்த ரேடியோ பீப் பீப் என்று ஒலிபரப்பும். மற்றவர்கள் கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்தத் திசையில் சத்தம் பலமாக இருக்கிறதோ அந்தத் திசையில் தேடி வர வேண்டும். தச்சர்கள் வைத்திருக்கிற இரும்பு அளவு நாடா இருக்கிறதல்லவா, அதை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் கட்டினால் அருமையான ஆன்டெனா. புதரில் மாட்டினாலும் மடங்கிக்கொள்ளும், உடையாது.

பதினோரு வருஷமாக நான்தான் நரி. கேட்டு வாங்கின பதவி இல்லை. ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் பேசாமல் உட்கார வேறு யாருக்கும் முடியவில்லை.

போன வருஷம் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் இந்த வருஷம் புரியும். போன வருஷம் நான் ஒளிந்து நாற்பது நிமிஷம்தான் ஆகியிருக்கும். ரேடியோவில் ஷமீமா டீச்சர் குரல். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர், கிளப்பில் சேர்ந்து மூன்று வருஷம், இப்போது அவர்தான் தலைவி. ஐயா, உங்க வீட்டிலிருந்து போன், அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்துட்டாங்களாம், உடனே வாங்க என்றார். நான் பதறி எழுந்து, முள்ளில் வேட்டி கிழிய மேடேறி ஓடி வந்தால் எல்லாரும் வேனுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள். நரி நாற்பத்தொரு நிமிஷத்தில் சிக்கியது என்று பதிவேட்டில் எழுதியும் விட்டார்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். சவரியப்பன் சார்தான் சொல்லிக் கொடுத்தார் என்றார். சவரியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கொழந்தைக்குப் பொண்டாட்டி மேல இம்புட்டுப் பாசம்னு இன்னைக்குல்ல தெரியுது” என்றார்.

எனக்கும் சிரிப்பு வரும் தம்பி. நான் சிரிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் மூன்று மணி நேரத்துக்குள் என்னை யாரும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பதிவில் நாற்பத்தொரு நிமிஷம் என்று இருக்கிறது. அழிக்க முடியாது, மையால் எழுதினது.

அதனால் விதிகளைத் திருத்தினேன். விதி ஏழு: யாரும் தனியாகத் தேடப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். விதி எட்டு: செல்போன்களையெல்லாம் ஒரு பையில் போட்டு வேனிலேயே வைத்துவிட வேண்டும். விதி ஒன்பது: வேட்டை நடக்கும்போது எந்த அழைப்புக்கும் நரி பதில் சொல்லக் கூடாது. உண்மையான ஆபத்து என்றால் அதற்கு உலகம் முழுக்க ஒரே முறைதான். மேடே, மேடே, மேடே. மூன்று தடவை. பிறகு அழைப்புக்குறி. பிறகு இடம். அப்படி வந்தால் நரி ஆட்டத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும். வராவிட்டால் அசையக் கூடாது. பொதுக்குழுவில் படித்தேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். சவரியப்பன் மூன்றாவது கையெழுத்து. நகல் இதோ இருக்கிறது. வேண்டாம், நீங்கள் பார்க்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

இந்த வருஷம் எனக்கு ஓர் அருமையான இடம் கிடைத்தது. ஒரு வாரம் முன்னாலேயே பஸ்ஸில் போய்ப் பார்த்து வைத்துவிட்டேன். எலுமிச்சைத் தோட்டம் ஒன்றைத் தாண்டினால் காய்ந்த ஓடை. ஓடைக்கு இந்தக் கரையில் இரண்டு பாறை, நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். எதிர்ச் சரிவில் பெரிய மொட்டைப் பாறை. என் ரேடியோ சத்தம் அந்த மொட்டைப் பாறையில் பட்டுத் திரும்பும். தேடுகிறவர்கள் ஆன்டெனாவை எப்படிச் சுற்றினாலும் எதிர்ச் சரிவிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும். எல்லாரும் அங்கேதான் போனார்கள். நான் போட்ட கணக்கு அப்படியே பலித்தது.

சவரியப்பன் மட்டும் ஏமாறவில்லை. ஷமீமா டீச்சர் பிறகு சொன்னார். ஆன்டெனாவை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாராம். “கொழந்த வெயில்ல உக்கார மாட்டான், மண்டைவலி வரும். நிழல் பக்கந்தான் இருப்பான்” என்று சொல்லிவிட்டு, கூட வந்தவரை எதிர்ச் சரிவுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இறங்கியிருக்கிறார். விதி ஏழு அங்கேயே போயிற்று. அதோடு இது ஆட்டமும் இல்லை. சிக்னலைத் தேட வேண்டும், ஆளைத் தெரிந்து தேடக் கூடாது. அப்படித் தேடினால் ரேடியோ எதற்கு?

ஆனால் சரியாகத்தான் வந்திருக்கிறார்.

பதினொன்று இருபத்திரண்டு. என் குறிப்பேட்டில் இருக்கிறது. பீப் ஒலி நின்றிருந்த இடைவெளி. ரேடியோவில் குரல். “கொழந்த. கொழந்த. நான் விழுந்துட்டேன்ப்பா.”

இதைக் கேளுங்கள் தம்பி, நீங்கள் நான் இருந்த இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? குறி இல்லை. மேடே இல்லை. இடம் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் காற்றில் சொல்லாத ஒரு பட்டப்பேர், அதுவும் தமாஷுக்கு வைத்த பேர். போன வருஷம் இதே மலையில், இதே ஆள், இதே விழுந்த கதை. அப்போது மாடிப்படி, இப்போது ஓடை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: பதினொன்று இருபத்திரண்டு, விதிக்குப் புறம்பான அழைப்பு, பதில் தரவில்லை, குரல் பலம் முழுசு. குரலின் பலத்தையும் எழுதுவது வழக்கம். பலம் முழுசாக இருந்தது. பக்கத்தில் வந்துவிட்டார் என்று தெரிந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் பாறையோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். யோசிக்காமல் இருக்கவில்லை. நிஜமாகவே விழுந்திருந்தால் மற்றவர்களுக்கும் கேட்டிருக்குமே, பதினெட்டுப் பேர் ரேடியோவோடு மலையில் இருக்கிறார்கள், ஒருத்தராவது என்ன ஆச்சு சார் என்று கேட்பார்களே என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஓடைக்குள் கிடந்து பேசினால் சத்தம் மேலே ஏறாது. இரண்டு பக்கமும் கரை மறைக்கும். பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். இதை நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். அந்த இடத்தை நான் தேர்ந்தெடுத்ததே அது மறைக்கும் என்பதற்காகத்தான். இப்போது எல்லாரும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்ற வேண்டுமே.

பதினொன்று முப்பத்தொன்று. “கொழந்த, வெளயாடல. காலு அசையல. எங்க இருக்க?”

எங்க இருக்க என்று கேட்டதும் எனக்கு உறுதியாகிவிட்டது. அதுதானே அவருக்குத் தெரிய வேண்டியது? நரி எங்கே இருக்கிறது என்று நரியிடமே கேட்கிறார்.

பதினொன்று நாற்பது. பேச்சு இல்லை. பொத்தானை அமுக்கினால் ஒரு மூச்சுப் போல இரைச்சல் வரும். அது வந்தது, நின்றது, வந்தது, நின்றது. அதையும் எழுதினேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் என் வேலையைச் செய்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பீப். ஒரு மணி வரைக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவர் ரேடியோவிலும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். பதினாறு தடவை.

ஒரு மணிக்கு விசில் ஊத வேண்டும், ஊதினேன். மூன்று மணி நேரம் முழுசாக, யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஓடைப் பக்கம் இறங்காமல் பின்பக்கத்துப் பாதையாக ஏறி வேனுக்கு வந்தேன். உண்மையைச் சொன்னால், கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றார்கள். சவரியப்பன் சார் வரல, உங்களைக் கண்டுபிடிச்சுட்டு ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சோம் என்றார் டீச்சர். போதும் டீச்சர், போன வருஷ நாடகமே போதும், அவரை வேனுக்குப் பின்னாலிருந்து வரச் சொல்லுங்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என்ன நாடகம் ஐயா என்று கேட்டார். அதுதான், விழுந்துட்டேன் என்று கூப்பிட்டாரே என்றேன்.

எப்ப கூப்பிட்டாரு என்றார்.

குறிப்பேட்டைத் திறந்து படித்தேன். பதினொன்று இருபத்திரண்டு. முப்பத்தொன்று. நாற்பது. படித்து நிமிர்ந்தால் ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அந்த நோட்டைப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை தம்பி. அந்த நோட்டு இல்லாவிட்டால் அவரை எங்கே தேடியிருப்பார்கள்? பலம் முழுசு என்று நான் எழுதியிருந்ததால்தானே எனக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது? மற்றவர்கள் எல்லாரும் மொட்டைப் பாறைப் பக்கம் ஓடியிருப்பார்கள். காட்டுமாடு திரிகிற இடம். பொழுது சாய்ந்திருக்கும். அவரைக் கண்டுபிடித்தது என் குறிப்பு. நான்தான் முன்னால் நடந்து வழி காட்டினேன். இந்தக் கோப்பில் ஆறாவது பக்கம் முழுக்க அதுதான்.

நான் உட்கார்ந்திருந்த பாறையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் என்று கிளப்பில் எழுதியிருக்கிறார்கள். பொய். நான் மறுநாள் போய் நாடா வைத்து அளந்தேன். நூற்றெண்பத்து நாலு.

ஓடைக்குள் மல்லாந்து கிடந்தார். இடது கால் திரும்பியிருந்தது. ரேடியோவை நெஞ்சின் மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதடெல்லாம் வெள்ளை. நான்தான் முதலில் இறங்கினேன். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “மணி என்ன?” என்று கேட்டார்.

ரெண்டு பத்து என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். அதன்பிறகு என்னிடம் எதுவும் பேசவில்லை. கம்பளியில் படுக்க வைத்துத் தூக்கினோம், தலைமாட்டில் நான் பிடித்தேன், பதினெட்டு வளைவு வேன் இறங்கியது, ஒவ்வொரு வளைவிலும் முனகினார், என்னிடம் பேசவில்லை. வலி. வலியில் யார் பேசுவார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு பேர். ஆறு மாதத்துக்கு என்னைக் கிளப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். காலை நெட்டை நான் நடத்தக் கூடாது. நரி வேட்டை இனிமேல் கிடையவே கிடையாது. எந்த விதிப்படி என்று கேட்டேன். விதி ஒன்பதை எடுத்து நீட்டினேன். டீச்சர் அதை வாங்கவே இல்லை. “விதியில தப்பு இல்லங்கய்யா. அவரு குரலு உங்களுக்குத் தெரியலையா?” என்றார்.

குரல் தெரியாமல் என்ன? இருபத்தாறு வருஷம் தினம் காலையில் கேட்கிற குரல். தெரிந்தது. குரல் ஓர் அடையாளமா? நடிக்கிறவனுக்கும் அதே குரல்தானே இருக்கும்? இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரி உள்ளே இருந்து வந்து, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க என்றாள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள், தம்பி. என் முன்னாலேயே. நான் இன்னும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

விலக்கல் கடிதமும் தாளில் வரவில்லை. போன் குழுவில் ஒரு செய்தி. கீழே யாரோ கைகூப்புகிற பொம்மை போட்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்தக் கையெழுத்து. கடைசிப் பக்கத்து வாக்கியத்தைச் சொல்கிறேன்: ‘நான் விதி ஒன்பதில் கண்டபடி ஆபத்து அழைப்பு விடுக்கவில்லை என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ பொய் எதுவும் இல்லையே? அவர் சொல்லவில்லை என்பது அவருக்கே தெரியும். இதில் கையெழுத்துப் போட அவருக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்?

கேட்கவில்லை, இன்னும் கேட்கவில்லை. முதல் நாள் வந்தபோது உள்ளே ஆள் இருந்தது. ஆட்கள் முன்னால் காகிதத்தை நீட்ட முடியாது. இரண்டாம் நாள் அவர் சம்சாரம் லூர்தம்மாள் வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். அதிலிருந்து தினம் கொடுக்கிறார். வாங்கண்ணே, வந்து பாத்துட்டுப் போங்க என்பார். நான், இருக்கட்டும்மா, தூங்கட்டும் என்பேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, “கொழந்த வந்தானான்னு கேட்டாருண்ணே. வெளிய உக்காந்திருக்காருன்னு சொன்னேன்” என்றார்.

அதற்கு என்ன சொன்னார் என்றேன்.

“சரின்னாரு.”

சரி என்றால் என்ன, தம்பி? நீங்களே சொல்லுங்கள். வரட்டும் என்று சரியா, அங்கேயே இருக்கட்டும் என்று சரியா? அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. எந்த மாதிரிச் சொன்னார், முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருந்தாருண்ணே, நான் ஆரஞ்சு உரிச்சிட்டு இருந்தேன், கவனிக்கல என்றார். வந்தானா என்று கேட்பது வேறு, வரச் சொல் என்பது வேறு. வரச் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பேன். கோப்பைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

நெட்டை நடத்தக் கூடாது என்றார்கள். ஆனால் லைசென்ஸ் அரசாங்கம் எனக்குக் கொடுத்தது. தினம் ஏழு மணிக்கு ரேடியோவைப் போடுகிறேன். முப்பத்தொரு குறியையும் கூப்பிடுவதில்லை. ஒரு குறியைத்தான் கூப்பிடுகிறேன். அவர் இங்கே கட்டிலில் கிடக்கிறார், ரேடியோ அவர் கடையில் பூட்டிக் கிடக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட வேண்டியது என் முறை, கூப்பிடுகிறேன். பதில் இல்லை என்று எழுதுகிறேன்.

கதவு திறக்கிறதே. இன்னும் நாலு ஆகவில்லை. சக்கர நாற்காலி ஒன்று வருகிறது பாருங்கள், யாரையோ வீட்டுக்கு அனுப்புகிறார்கள் போல. கூடையும் பையுமாக…

தம்பி, கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்கள். என்னை மறைக்கிற மாதிரி. இன்னும் கொஞ்சம். நிமிர்ந்து உட்காருங்கள், உங்களுக்கு நல்ல தோள். லூர்தம்மாள் இன்றைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லவே இல்லையே. காலையில் சொல்லியிருக்கலாம். நான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். யார் தள்ளுகிறார்கள்? நர்ஸா? காலை நீட்டித்தான் வைத்திருக்கிறாரா? தாடியா? அவர் தாடி வைக்கிற ஆளே இல்லை. சப்பரத்துக்கு ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுக் காலையில் சவரம் செய்துகொண்டுதான் நெட்டுக்கு வருவார். குழைத்த சோப்பு காதில் ஒட்டியிருக்கு சார், ஓவர் என்பார். மெலிந்துவிட்டாரா? ரொம்பவா?

பேசாதீர்கள், பக்கத்தில் வருகிறார்கள்.

போய்விட்டார்களா? லிஃப்ட் மூடிவிட்டதா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் பார்த்தாரா?

நாற்காலியை நிறுத்தச் சொன்னாரா? அதுதான் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. லூர்தம்மாள் ஏதாவது காட்டியிருப்பார். கையைத் தூக்கினாரா? எந்தக் கையை? முழுசாகத் தூக்கினாரா, இல்லை, சும்மா பிடியிலிருந்து எடுத்தாரா? உங்களைப் பார்த்துத் தூக்கியிருப்பார். தினம் வந்து போகிற முகம் என்று…

ஆமாம், நீங்கள் இன்றைக்குத்தான் வருகிறீர்கள். முதலிலேயே சொன்னீர்கள்.

வாய் அசைந்ததா? பேசினாரா? என்ன சொன்னார்?

என்ன சொன்னார் தம்பி? ஒரு வார்த்தையா, நிறையவா? பேர் சொன்ன மாதிரி இருந்ததா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. நீங்கள் கவனிக்கவில்லை என்றால் எப்படி? நடுவில் நீங்கள்தானே இருந்தீர்கள். ஆறடி தூரம்கூட இருக்காது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தம்பி ஒரு மனுஷன் பேசினது காதில் விழாமல் போகும்?